பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே படம்: அனிமேஷன் படங்களைத் தேர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை சிறுவர்களுக்குப் படம் காட்டுகிறோம். முன்னால் பிள்ளைகளுக்குப் பாய், பின்னால் பெரியவர்களுக்குக் கதிரை. படத்தைத் தேர்வது என் பொறுப்பு. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் ரியூசனையும் எவ்வளவு ஆராய்ந்து தேர்கிறார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு கவனமாவது பிள்ளை பார்க்கும் படத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. பாய் சுருட்டும் நேரத்திலும் சந்தையிலும் கோவில் வீதியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் கேள்வியாகவே இங்கே தொகுத்திருக்கிறேன்.

“பிள்ளை, கார்ட்டூன் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு. அதில் நாங்கள் இருந்து பார்க்க என்ன இருக்கிறது?”

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டு உங்களுக்கு இப்போதும் மனப்பாடமாக இருக்கும். தங்கத் தாத்தா என்று நாங்கள் அழைக்கும் அவர் அதைச் சிறுவர்களுக்காகவே பாடினார். ஐந்து வயதுப் பிள்ளை தோட்டத்து நடுவில் விறைத்து நிற்கும் வெருளியைக் கண்டு சிரிக்கிறது. நீங்களோ அதே வரிகளில், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதிகாரம் பண்ணும் ஓர் ஆளைக் காண்கிறீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு வரியும் அதில் எழுதப்படவில்லை. நல்ல அனிமேஷன் படமும் இப்படித்தான் வேலை செய்கிறது.

அனிமேஷன் என்பது படம் எடுக்கும் ஒரு முறை. பார்ப்பவரின் வயதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஈரானில் வளர்ந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும் 2007ஆம் ஆண்டின் ‘பெர்செபோலிஸ்’ முழுக்க வரைந்து எடுத்த படம். அது வளர்ந்தவர்களுக்கானது, சின்னவர்களுக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் பாய் காலியாகிவிடும்.

“அப்படியென்றால் குடும்பப் படம் எது? பிள்ளைகளுக்கு ஓட்டமும் துள்ளலும், எங்களுக்கு இடையிடையே நாலு பகிடியும் இருந்தால் போதாதா அக்கா?”

போதாது. அப்படி எடுத்த படங்கள் ஏராளம். திரையில் மிருகங்கள் விழுந்து எழும்ப, அவற்றின் வாயில் ஏதாவது ஒரு நடிகரைப் பற்றிய குத்தல் வரும். பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளை திரும்பி அவர்களின் முகத்தைப் பார்க்கும். அடுத்த காட்சியில் பிள்ளை சிரிக்கும். பெரியவர் கைத்தொலைபேசியைப் பார்ப்பார். ஒரே அறையில் இருந்தாலும் இருவரும் பார்ப்பது இரண்டு படங்கள். பத்து வருடம் போனால் அந்த நடிகரை யாருக்கும் தெரியாது, பகிடியும் செத்துவிடும்.

நான் தேடுவது இருவரும் ஒரே காட்சியைப் பார்த்து அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளும் படத்தை. ஹயாவோ மியாசாகியின் 1988ஆம் ஆண்டுப் படமான ‘மை நெய்பர் டோட்டோரோ’வில் வரும் பஸ் தரிப்பிடத்தைச் சொல்லலாம். மழை. இருட்டிக்கொண்டு வருகிறது. சத்சுகி என்ற சிறுமி அப்பாவுக்குக் குடை கொண்டுவந்து காத்து நிற்கிறாள். பஸ் வருகிறது, அப்பா அதில் இல்லை. தங்கைக்கு நித்திரை வர, அவளை முதுகில் தூக்கிக்கொள்கிறாள். அப்போது டோட்டோரோ என்ற பெரிய காட்டு உயிர் தலையில் ஓர் இலையோடு பக்கத்தில் வந்து நிற்கிறது. அப்பாவுக்கென்று கொண்டுவந்த குடையை அவள் அதனிடம் நீட்டுகிறாள். குடைமேல் துளி விழும் ஓசை அதற்குப் பிடித்துப்போகிறது. இன்னும் வேண்டும் என்று எம்பித் துள்ளி நிலமதிர விழ, மரங்களில் தங்கியிருந்த நீரெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது.

அந்தத் துள்ளலில் முன்வரிசை முழுவதும் விழுந்து சிரிக்கும். பின்னால் இருக்கும் தாய்மாருக்கோ அந்தச் சிறுமியின் முதுகுதான் கண்ணில் நிற்கும். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில். தங்கைக்குத் தாயாக நிற்பது அவள்தான். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போன வீடுகளில் மூத்த பெண்பிள்ளை எப்படி நிற்கிறாள் என்று எங்கள் ஊரில் தெரியாதவர் யார்? படம் அதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இந்தக் காட்சியில் பிள்ளைக்கென்று ஒரு பாதி, பெரியவருக்கென்று ஒரு பாதி என்று வெட்டிப் பிரிக்க முடியாது. குடும்பப் படத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான். கீழே வரும் பதில்களில் பலவும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

“எங்கள் சின்னவனுக்கு மூன்று வயது. அவனுக்கு எந்தப் படம் நல்லது?”

முழுநீளப் படம் எதுவும் இப்போது வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் திரைமுன் இருப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சாதாரண அனிமேஷன் படம் ஒன்றே அதைவிட நீளம். மடியில் வைத்து ஒரு கதை சொல்லுங்கள், படம் பிறகு வரட்டும்.

“படத்தின் மேல் வயதுக் குறி போட்டிருக்கிறார்கள்தானே. அதை நம்பி விடலாமா?”

தொடக்கத்துக்கு மட்டும் உதவும். அமெரிக்கக் குறிகளில் ‘பீஜி’ என்பது பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பதைக் குறிக்கும். இன்றைய குடும்ப அனிமேஷன் படங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே பெட்டிக்குள் வருவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றை அதனால் பிரித்தறிய முடியாது. இந்தியத் தணிக்கைச் சபை, பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்று சொல்லும் ‘யூஏ’ குறியை 2024 முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. இது கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது. ஆனாலும் இந்தக் குறிகள் எண்ணுவது அடிதடி, இரத்தம், கெட்ட வார்த்தை போன்றவற்றை. உங்கள் பிள்ளைக்கு இருட்டுப் பயமா, நாய்ப் பயமா, அப்பா இல்லாத ஏக்கமா என்பது குறி போடுபவருக்குத் தெரியாது.

குறிகளை விட்டு நீங்களே கவனிக்க வேண்டிய ஒன்று மின்னும் வெளிச்சம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமோன் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. 2018இல் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ வந்தபோதும் இதே காரணத்துக்காகத் திரையரங்குகளில் எச்சரிக்கை வைத்தார்கள். வலிப்பு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் அறை விளக்கை முழுதாக அணைக்காமல் காட்டுவது நல்லது.

“முழுப்படத்தையும் முதலில் பார்த்து வைக்க எங்களுக்கு எங்கே நேரம்? இருபது நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி இல்லையா?”

ஓரளவுக்கு இருக்கிறது. ஐந்து நிமிடம் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை என்பது முகத்திலும் நடையிலும் தெரிகிறதா? தெரிந்தால் அதை வரைந்தவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். பேச்சு நின்றதும் எல்லாம் வெறும் பொம்மையாக நின்றால் அது வானொலி நாடகத்துக்குப் போட்ட படம்.

பிறகு ஒலியோடு பாருங்கள். எங்காவது ஒரு பாத்திரம் சும்மா இருக்கிறதா? யோசிக்கிறதா? எந்த நேரமும் துரத்தலும் அலறலுமாக ஓடும் படத்துக்குத் தன் கதையில் நம்பிக்கை இல்லை. பிள்ளை எழும்பிப் போய்விடும் என்ற பயம் இருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம். சிரிப்புக்கு யாரைப் பிடித்திருக்கிறார்கள்? கறுத்தவர், குண்டானவர், திக்கிப் பேசுபவர், வேறு ஊர்ப் பேச்சுப் பேசுபவர் என்று ஒருவரை ஒதுக்கி வைத்து அவரை மட்டும் அடித்துச் சிரிக்க வைக்கும் படத்தை நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். அந்தப் பாயிலே அதே நிறத்தில், அதே உருவத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பெயரால் கூப்பிடப்படப்போவதும் அந்தப் பிள்ளைதான். தொழில்நுட்பம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதற்கு நான் விலக்குக் கொடுப்பதில்லை.

“படம் ஓடும்போது மகன் இடையிடையே எழும்பி ஓடித் திரிகிறான். பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?”

எப்போது எழும்புகிறான், எந்த ஓசைக்குத் திரும்பி வருகிறான் என்று பாருங்கள். பயமான இடத்தில் கதவு நிலைக்குப் போய் நின்று அங்கிருந்தபடியே முழுதும் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் படம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கச்சான் சுருளை மறந்து வாய் திறந்து இருக்கும் பிள்ளையைப் பார்த்து அவசரப்பட்டுப் பெருமைப்படவும் வேண்டாம். சத்தமும் வேகமும் மட்டும் போதும், எந்தப் பிள்ளையையும் அப்படி இருத்திவைக்கலாம்.

முடிந்ததும் “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், “ஓம்” என்ற ஒரே பதில்தான் வரும். “இதில் யார் பாவம்?” என்று கேளுங்கள். வில்லன்தான் பாவம் என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லி, காரணமும் சொன்னால், அந்தப் படம் ஏதோ செய்திருக்கிறது.

“கனடாவில் இருந்து வந்த மருமக்களுக்குத் தமிழ் முழுதாக ஓடாது. இங்குள்ளவர்களுக்கு ஆங்கிலம் விளங்காது. எந்த மொழியில் போடுவது?”

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. ஆங்கிலக் குரலும் தமிழ் எழுத்தும் என்ற வழி, வேகமாக வாசிக்கும் பிள்ளைக்கு மட்டும்தான் சரிவரும். தரம் மூன்று, நான்கில் இருக்கும் பிள்ளை எழுத்தைத் துரத்திக்கொண்டே படத்தைத் தவறவிடும். தமிழ்க் குரல் நல்லதாக இருந்தால் அதையே போடுங்கள். கேட்டுப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிள்ளைப் பாத்திரம் பிள்ளைபோலப் பேசுகிறதா, இல்லை மேடைப் பேச்சாளர்போல முழங்குகிறதா? மென்மையான இடங்களிலும் கத்திப் பேசும் குரல்பதிவு படத்தைக் கொன்றுவிடும். பேச்சு சென்னைப் பேச்சாக இருப்பது பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் நாங்கள் எங்கள் தமிழைப் பேசிக்கொண்டிருந்தால் அது அவர்களை விட்டுப் போகாது.

இன்னும் நல்ல வழி, பேச்சே இல்லாத படம். 2024இல் லத்வியா நாட்டவரான கிண்ட்ஸ் சில்பலோடிஸ் எடுத்த ‘ஃப்ளோ’வில் ஒரு சொல்கூட இல்லை. வெள்ளம் ஊரை மூட, ஒரு பூனை மற்ற விலங்குகளோடு ஒரு தோணியில் போகிறது. பூனை பூனையாகவே நடக்கிறது, மியாவ் என்கிறது, பயப்படுகிறது. யாரும் இலவசமாகப் பெறக்கூடிய ‘பிளெண்டர்’ என்ற மென்பொருளில் செய்த இந்தப் படம் 2025இல் ஒஸ்கார் விருது பெற்றது. கணினி படிக்கும் மூத்த பிள்ளைகளுக்கு இந்தத் தகவலை நான் தவறாமல் சொல்வேன். ஆனால் நீர் ஏறி ஏறி வரும் படம் இது. 2004 கடற்கோளில் ஆட்களை இழந்த கரையோரக் குடும்பங்கள் வந்திருந்தால் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

“தாயோ தகப்பனோ சாகும் படத்தைப் பிள்ளைக்குக் காட்டலாமா?”

இதைத்தான் எல்லோரையும் விட அம்மம்மாமார் கேட்கிறார்கள். மரணம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதற்குப் பிறகு படம் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். 1942ஆம் ஆண்டின் ‘பாம்பி’யில் தாய்மான் சுடப்படுவது திரையில் காட்டப்படுவதில்லை, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. அதுவரை மிகுந்த கண்ணியத்தோடு போகும் படம், சற்று நேரத்திலேயே பாட்டோடும் பறவைகளோடும் வசந்த காலத்துக்குத் தாவிவிடுகிறது. தாயைத் தேடிக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைக்கு அந்தத் தாவல் பெரும் அநியாயம். 1994இன் ‘லயன் கிங்’கில் குட்டி செத்துக்கிடக்கும் தகப்பனை எழுப்பப் பார்க்கிறது, முடியாதபோது தகப்பனின் கைக்குக் கீழே புகுந்து படுத்துக்கொள்கிறது. பார்க்க இது பாம்பியைவிடக் கொடுமை. ஆனாலும் பிள்ளைக்கு இதுவே நல்லது என்பேன். துக்கப்படுவதற்குப் படம் இடம் கொடுக்கிறது. பின்னால் எத்தனை பகிடி வந்தாலும் அந்தத் துக்கத்தை மறக்காமல் திரும்பவும் எடுக்கிறது.

வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்தியேட்டி முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இப்படியொரு படத்தைப் பலர் நடுவில் காட்டக்கூடாது. அந்தப் பிள்ளையை நேசிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளையே கேட்கும் நாளில் பார்க்கலாம்.

“டோட்டோரோ எடுத்த அதே நிறுவனத்தின் படம் என்று ‘மின்மினிகளின் கல்லறை’ வைத்திருக்கிறேன். பிள்ளைகளோடு பார்க்கலாமா?”

பார்க்க வேண்டாம். ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ என்று அறியப்படும் அந்தப் படத்தை இசாவோ தகஹாதா எடுத்தார். டோட்டோரோவும் அதுவும் 1988இல் ஒரே நாளில் சோடியாக வெளியாகின. நிறுவனத்தின் பெயரை வைத்துப் படத்தை மதிப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது தாயை இழந்த அண்ணனும் சின்னத் தங்கையும் பசியால் தேய்ந்து அழிவதுதான் கதை. தகஹாதாவே சிறுவனாக ஒகயாமா நகரில் குண்டுவீச்சுக்கு நடுவே ஓடியவர். படத்தில் மிகையென்று ஒரு காட்சிகூட இல்லை. அதனால்தான் தாங்க முடிவதில்லை.

வழக்கமாக நாங்கள் கவலைப்படுவது பிள்ளைகளைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் இந்த வகைப் படங்களில் நான் முதலில் கவலைப்படுவது பின்வரிசையைப் பற்றி. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு விமானச் சத்தம் ஒரு சத்தம். பங்கருக்குள் பிள்ளைப்பருவத்தைக் கழித்த தகப்பனுக்கு அப்படி இல்லை. போரைப் பற்றியதே அல்லாத ஒரு படத்தில் விமானம் தாழப் பறந்த காட்சிக்கு, கதிரையில் இருந்த ஒருவர் சத்தமில்லாமல் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவருடைய மகள் திரையை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனவே பொது இடத்தில் இந்தப் படத்தை நான் போடுவதில்லை. வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையோடு பார்க்க விரும்பினால், முதலில் நீங்கள் தனியே பாருங்கள். பார்த்து முடிந்ததும் “நீங்களும் இப்படித்தான் இருந்தீர்களா?” என்று பிள்ளை கேட்கும். அதற்குச் சொல்லப்போகும் பதில் உங்களிடம் இருக்கிறது என்றால் மட்டும் போடுங்கள்.

“சாமிப் படம் என்றால் யோசிக்காமல் காட்டலாம்தானே?”

கதை தெரிந்த கதை என்பதால் வரும் துணிவு இது. கூத்திலும் கதாப்பிரசங்கத்திலும் இரணியன் வதத்தைக் கேட்பது வேறு. பெரிய திரையில் முப்பரிமாணத்தில் குடல் உருவப்படுவதைப் பார்ப்பது வேறு. முந்தைய சோதனைகள் சாமிப் படத்துக்கும் பொருந்தும், குறிப்பாக அரக்கர்களை எந்த நிறத்தில் வரைந்திருக்கிறார்கள் என்பது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் இந்தியக் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் எடுத்த இராமாயணப் படம் இன்றும் பார்க்கத் தகுந்தது. கையால் வரைந்த பின்னணிகளுக்காகவே பார்க்கலாம்.

“சிலந்தி மனிதன் அனிமேஷன் படத்தில் பையன் துண்டு துண்டாக அசைகிறான். கொப்பி பழுதா?”

பழுதில்லை. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள், ஓடும். 2018இன் ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில், இன்னும் பழகாத அந்தப் பையனுக்குப் பல இடங்களில் இரண்டு சட்டத்துக்கு ஒரு நிலை, அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு நிலைகள்தான் கொடுத்தார்கள். அவனுடைய தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தது.

“ஒஸ்கார் கிடைத்தது, இணையத்தில் 95 வீதம் என்று போட்டிருக்கிறது. பிறகு என்ன ஆராய்ச்சி?”

அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஒஸ்கார் 2002ஆம் ஆண்டு விழாவில் இருந்துதான் கொடுக்கப்படுகிறது. வாக்களிப்பவர்கள் பெரியவர்கள். 95 வீதம் என்பது நூற்றுக்கு 95 புள்ளியும் அல்ல. நூறு விமர்சகர்களில் 95 பேர் படம் பரவாயில்லை அல்லது அதற்கு மேல் என்றார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஓரளவு பிடித்த சாதாரணப் படம் அந்த எண்ணைத் தாராளமாக எட்டும்.

“தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது ரீச்சர். படம் பார்ப்பதென்றால் நல்ல அறிவுரையாவது இருக்கவேண்டாமா?”

அறிவுரையை ஒரு பாத்திரம் வாயால் சொன்னால் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்து அறிவுரைகளோடு சேர்த்து வைத்துவிட்டு மறந்துவிடும். ‘இன்சைட் அவுட்’ 2015இல் வந்தது. பதினொரு வயது ரைலி சொந்த ஊரை விட்டு வேறு நகரத்துக்குக் குடிபெயர்கிறாள். அவள் தலைக்குள் மகிழ்ச்சி, துக்கம், பயம், கோபம், அருவருப்பு என்று ஐந்து பேர். மகிழ்ச்சி எந்நேரமும் துக்கத்தைத் தள்ளி வைக்கப் பார்க்கிறது. கடைசியில் மகிழ்ச்சி துக்கத்துக்கு இடம் விட்டுக்கொடுத்த பிறகுதான் ரைலியால் பெற்றோரிடம் “எனக்குப் பழைய வீடு வேண்டும்” என்று அழ முடிகிறது. உளவியலாளர்கள் பவுல் எக்மனிடமும் டாக்கர் கெல்ட்னரிடமும் கேட்டுச் செய்த கதை. பிள்ளை எதையும் பாடமாகக் கேட்பதில்லை, நடப்பதைப் பார்க்கிறது.

தரம் ஐந்துப் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் பிள்ளையோடு கட்டாயம் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். விடியற்காலை எழும்பி, ரியூசன் போய், பள்ளிக்கூடம் போய், மறுபடி ரியூசன் போகும் பிள்ளையிடம் நாங்கள் எதிர்பார்ப்பது சிரித்த முகத்தை. படம் அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது, பெற்றோரைக் குற்றவாளி ஆக்காமல். மேலே சொன்ன பஸ் தரிப்பிடத்து அளவுக்கு முழுதாகப் பொருந்தும் இன்னொரு படம் இது.

“மகள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். எனக்கு அது குப்பையாகத் தெரிகிறது. யாருடைய தீர்ப்பு சரி?”

இரண்டும் சரியாக இருக்கலாம். திரும்பப் பார்ப்பது படத்தின் தரத்துக்குச் சான்றில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே சின்னப் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. அவள் எந்த இடத்துக்குத் திரும்பப் போகிறாள் என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பாட்டு என்றால் விட்டுவிடுங்கள். அக்காவும் தங்கையும் சமாதானமாகும் காட்சி என்றால், அந்தப் படம் உங்கள் வீட்டைப் பற்றி ஏதோ சொல்கிறது.

குப்பை என்று நீங்கள் நினைப்பதை அவளிடம் மறைக்கவும் வேண்டாம். எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை, காரணம் இது என்று சமமாகப் பேசுங்கள். உங்களை மறுத்துப் பேசினால் சந்தோஷப்படுங்கள். படத்தை மதிப்பிட அவள் பழகத் தொடங்கிவிட்டாள். மூன்றாவது சோதனையில் தோற்ற படம் என்றால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், காரணத்தோடு.

“மூத்தவனுக்குப் பதின்மூன்று, சின்னவளுக்கு ஆறு, அம்மம்மாவும் இருக்கிறா. இந்தச் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.”

2015இல் வந்த ‘ஷான் தி ஷீப்’ திரைப்படம். களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது, பேச்சே இல்லை. நகரத்தில் தொலைந்துபோன பண்ணைக்காரரைத் தேடி ஆடுகள் போகின்றன. அவருக்கோ பழையதெல்லாம் மறந்துவிட்டது. சின்னவள் ஆடுகளுக்காகப் பார்ப்பாள். மூத்தவன் இதை எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்பான். தான் வளர்த்ததுகளையே அடையாளம் தெரியாமல் நிற்கும் அந்த மனிதரை அம்மம்மா பார்ப்பா. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பேசிக்கொண்டு சாப்பிடலாம்.